உத்தரத்தில் செதுக்கிய பொய்

துப்பறிவாளர் ஹம்ஃப்ரி தெல்வல் ரொட்டியில் ஆரஞ்சு ஜாமைத் தடவி முடிப்பதற்குள் வாசல் மணி மூன்று முறை அலறிவிட்டது. அவருடைய உதவியாளர் நோரா பிக்கர்ஸ் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். உயரமான ஒரு பெண்மணி உள்ளே வந்தார். மழைக்கோட்டின் பொத்தான்கள் எல்லாம் ஓட்டை மாறிப் போட்டிருந்தன.

"நான் முரியல் டேக்கர். கிளெண்ட்ஃபோர்ட் பள்ளியோட தலைமை ஆசிரியை. மிஸ்டர் தெல்வல், இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள நீங்க ஒரு பொய்யனைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கணும். இல்லேன்னா எங்க பள்ளிக்கூடத்தை இடிச்சுடுவாங்க!"

தெல்வல் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "முதல்ல உட்காருங்க. நோரா, மிஸ் டேக்கருக்கு ஒரு டீ. சர்க்கரை கொஞ்சம் கூடவே போடு."

பழையது எதைக் கண்டாலும் இடித்துத் தள்ளிவிட்டுக் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக எழுப்பும் வெறி இங்கிலாந்து முழுக்கப் பிடித்திருந்த அறுபதுகள் அவை. கிளெண்ட்ஃபோர்ட் பள்ளியின் பெரிய கூடமும் அந்த வெறிக்குத் தப்பவில்லை. முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஓக் மரக் கூரை அதற்கு. பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர் கர்னல் டிரெஞ்ச் அதை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்ட வரைபடம் கூடப் போட்டுவிட்டார். ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். தொல்கட்டடங்களைப் பார்வையிடும் அரசு அதிகாரி ஓகில்வி இன்று மாலை வருகிறார். கூடம் உண்மையிலேயே அவ்வளவு பழையது என்று அவர் ஒப்புக்கொண்டு பாதுகாப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டால், அதன்மேல் யாரும் கை வைக்க முடியாது.

"இதுல என்ன சிக்கல்?" என்றார் தெல்வல்.

"நேத்து, புதுக் கட்டடத்தை வரைஞ்ச ஜூலியன் ஃபேர்லாம், அளவெடுக்கச் சாரத்து மேல ஏறினார். பெரிய உத்தரத்துல ஒரு செதுக்கல் இருக்குன்னு கத்தினார். 'மீண்டும் கட்டப்பட்டது, 1868'. அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்க பள்ளியில தீ விபத்து நடந்தது நிஜம். ஆனா எரிஞ்சது பக்கத்துக் கட்டடம், கூடம் இல்ல. அந்த எழுத்து பொய், மிஸ்டர் தெல்வல். என் உசிரை வெச்சுச் சொல்றேன்."

"முன்னாடி யாருமே அதைப் பார்த்ததில்லையா?"

"அவ்வளவு உயரத்துல, அந்த இருட்டுல யாருக்குத் தெரியும்?"

நோரா ஏற்கெனவே கார் சாவியைக் கையில் எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். "சார், ரொட்டியக் கார்ல சாப்பிடுங்களேன்!"

நோரா ஓட்டும் காரில் யாராலும் எதையும் சாப்பிட முடியாது. கிளெண்ட்ஃபோர்ட் போய்ச் சேர்ந்தபோது தெல்வலின் சட்டைக் கையில் ஜாம் ஒட்டியிருந்தது.

கூடத்துக்குள் காலடி வைத்ததும் நோரா அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே, கவிழ்த்துப் போட்ட பெரிய கப்பல் மாதிரி, கரும்பழுப்பு ஓக் மரங்கள் வளைந்து வளைந்து ஏறி இருட்டுக்குள் கலந்தன. சுவர்களில் வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரு சுவரோரமாக, பெரிய உத்தரத்தின் முனையை ஒட்டி ஓர் இரும்புச் சாரம். அதன் கீழே இரண்டு பேர் காத்திருந்தார்கள். தடித்த மீசையும் முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பான பூட்ஸுமாக நின்றவர் கர்னல் டிரெஞ்ச். குறுகலான கால்சட்டையும் கழுத்தில் பட்டுத் துண்டுமாக நின்ற இளைஞன் ஃபேர்லாம்.

"துப்பறிய ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்களா, முரியல்?" கர்னல் உரக்கச் சிரித்தார். "உத்தரத்துக்குக் கைவிலங்கு மாட்டப் போறாரா? குளிர்காலத்துல இந்தக் கூடத்துல உட்கார்ந்து பாருங்க மிஸ்டர், மூக்கு கழண்டு விழுந்துடும். பிள்ளைங்களுக்கு வெளிச்சம் வேணும், சூடு வேணும். இதை இடிக்கறதுதான் தர்மம்."

"இடிக்கறதுக்கு எனக்கு அந்தச் செதுக்கல் தேவையே இல்லையே," என்றான் ஃபேர்லாம் எரிச்சலுடன். "என்னைச் சந்தேகப்படுறதா இருந்தா நேரா சொல்லுங்க. உளியை நான் கையில தொட்டதே இல்லை."

"அது உன் நகத்தைப் பார்த்தாலே தெரியுது," என்று நோரா முணுமுணுத்தாள்.

தெல்வல் சாரத்தில் ஏறினார். நோரா டார்ச் விளக்கோடு பின்னாலேயே ஏறினாள். உத்தரத்தின் பக்கவாட்டில், சுவரிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் அந்த எழுத்துகள் இருந்தன. ஆழமாக, நேர்த்தியாக, கறுப்பேறி, பார்த்தால் நூறு வருடத்துப் பழசு மாதிரி.

"விளக்கைப் பக்கவாட்டில பிடி," என்றார். "எட்டுக்குள்ள என்ன தெரியுது?"

"பள்ளத்துல குட்டிக் குட்டியா வாய்க்கால் மாதிரி ஓடுது, சார்."

"மர வண்டு அரிச்ச வழி. பழைய ஓக்னா வண்டு இருக்கத்தான் செய்யும். ஆனா அது வெளிய வர்றப்போ நேராத் துளைச்சுக்கிட்டு வரும், ஊசியால குத்தின மாதிரி வட்டமா ஓட்டை விழும். வாய்க்காலெல்லாம் மரத்துக்கு உள்ளதான் ஓடும். இங்க அந்த வாய்க்கால் பாதி வாயைத் திறந்துக்கிட்டு வெளிய தெரியுது."

நோராவின் கண்கள் விரிந்தன. "அப்படின்னா வண்டு அரிச்சு முடிச்ச பிறகுதான் உளி பட்டிருக்கு! புதுச் செதுக்கல்! பொய்!"

"மெதுவா."

"இந்தக் கறுப்பு?"

தெல்வல் விரலால் தேய்த்தார். கறுப்பு லேசாக ஒட்டியது. கரியைப் போலப் பரவவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தும் கரையவில்லை. விரல் நுனியில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் தெரிந்தது.

"பூட் பாலிஷ்!" நோரா கர்னலின் காலை எட்டிப் பார்த்து, காதோடு காதாகச் சொன்னாள். "சார், அந்த பூட்ஸைப் பாருங்க!"

"பாலிஷ்ல ஒரு வாசனை இருக்கும். இதுல இல்லை," என்றார் தெல்வல். அவர் பார்வை உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்துக்குப் போனது. அங்கே ஒரு முழம் அகலத்துக்குச் சுண்ணாம்பு மற்ற இடத்தைவிட வெளுத்திருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார்.

கீழே நோரா மண்டியிட்டுத் தேடினாள். சுவரோரம், ஜன்னல் விளிம்பில் பிஸ்கட் தூள் மாதிரி மங்கலான பொடி சின்னக் குவியலாகக் கிடந்தது. அதற்கு நேர் கீழே தரையில் நான்கு ஆழமான தடங்கள்.

"இங்க ஏதோ கனமான சாமான் இருந்திருக்கு, சார்."

"பியானோ," என்றார் மிஸ் டேக்கர். "பாட்டுக் குழுப் பிள்ளைங்க இங்கதான் நிப்பாங்க. போன மாசம் மிஸ் ஹார்க்னஸ் பிடிவாதமா அந்தக் கோடிக்கு மாத்தச் சொன்னா. அங்க வெளிச்சம் நல்லா இருக்காம்."

தெல்வல் அந்தக் கோடியைப் பார்த்தார். பியானோ இருந்த இடம் கூடத்திலேயே இருட்டான மூலை.

"மிஸ் ஹார்க்னஸ் யாரு?"

"எங்க சரித்திர ஆசிரியை. இந்தக் கூடத்தைக் காப்பாத்தணும்னு இருபது வருஷமா அமைச்சகத்தோட மல்லுக்கு நிக்கறவ. அவளை மட்டும் சந்தேகப்படாதீங்க. நேத்து அந்தச் செதுக்கலைப் பார்த்துட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டா, பாவம்."

மிஸ் இசோபெல் ஹார்க்னஸ் தன் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், நரை கலந்த தலை, தூக்கமில்லாத கண்கள். சுவர் முழுக்க ஆளுயரப் படங்கள்: கவசம் பூண்ட வீரர்களும் நீள அங்கி அணிந்த சீமாட்டிகளும், வெள்ளைத் தாளில் கறுப்பு உருவங்களாக. பழைய தேவாலயங்களின் தரையில் பதித்த, உருவம் செதுக்கிய பித்தளைத் தகடுகள்மேல் தாளை விரித்து, பிள்ளைகளும் அவருமாகத் தேய்த்து எடுத்தவை.

"அழகா இருக்கு," என்றார் தெல்வல். "மிஸ் ஹார்க்னஸ், அந்தச் செதுக்கலைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"நினைக்க என்ன இருக்கு? எழுத்து விக்டோரியா ராணி காலத்து எழுத்துதான். நான் தப்பா எண்ணிட்டேன். ஒத்துக்கறேன்."

"இருபது வருஷம் போராடினீங்களே. ஒரே நாள்ல விட்டுக்கொடுக்கறீங்க?"

"என்ன செய்யச் சொல்றீங்க?" அவருடைய குரல் சட்டென்று உயர்ந்தது. "அது விழுந்த பிறகு உட்கார்ந்து அழறதைவிட, இப்பவே விட்டுக்கொடுக்கறது மேல்!"

வெளியே வந்ததும் நோரா பொருமினாள். "பாவம் சார் அவங்க. கர்னல்தான் செஞ்சிருப்பார். பணத்துக்கு ஆள் வெச்சுச் செதுக்கியிருப்பார்."

"எல்லாரையும் நூலகத்துக்கு வரச் சொல்லு," என்றார் தெல்வல்.

நூலகம் முற்றத்துக்கு இந்தப் பக்கம், கூடம் அந்தப் பக்கம். ஆறு பேரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கர்னல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதிகாரி வரும் நேரம் நெருங்கிவிட்டது.

தெல்வல் வண்டு அரித்த கதையைச் சொல்லி முடித்ததும் மிஸ் டேக்கர் கைதட்டாத குறையாக எழுந்துவிட்டார். "நான் சொன்னேன்ல! பொய்னு சொன்னேன்ல!"

"பொய்தான். ஆனா யார் சொன்ன பொய்?" தெல்வல் நிதானமாகத் தொடர்ந்தார். "கர்னலா? கர்னலுக்கு அவ்வளவு நுணுக்கம் தெரியாது. அவர் செஞ்சிருந்தா வருஷத்தை மட்டும் கொத்திட்டுப் போயிருப்பார். இங்க எழுத்தோட வளைவு கூட அந்தக் காலத்துக்குச் சரியா இருக்கு. தீப்பிடிச்ச வருஷத்துக்குப் பொருத்தமா தேதி இருக்கு. சரித்திரம் படிச்ச கை."

"என்ன உளறல் இது?" என்றார் கர்னல்.

"அப்புறம் அந்தக் கறுப்பு. அது செருப்புத் தைக்கறவங்க வெச்சிருக்கற கறுப்பு மெழுகு. பித்தளைத் தகட்டுப் படம் எடுக்கறவங்க தாள் மேல தேய்க்கறதும் அதே மெழுகுதான்."

மிஸ் டேக்கர் மெல்லத் தலையைத் திருப்பினார். மிஸ் ஹார்க்னஸ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இசோபெல்?" என்றார் மிஸ் டேக்கர். "நீயா? உனக்கு என்ன பைத்தியமா? ஏன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றார் தெல்வல். முதல் முறையாக அவர் குரலில் தடுமாற்றம். "இந்தக் கூடத்தை உசிரா நேசிக்கறவங்க அதை ஏன் இடிக்க வைக்கணும்? வெளிச்சம் இல்லாத மூலைக்கு 'வெளிச்சம் நல்லா இருக்கு'ன்னு சொல்லிப் பியானோவை ஏன் தள்ளணும்? இன்னிக்கு எல்லாரும் 'இடிக்கறது'ன்னு சொன்னீங்க. இவங்க ஒருத்தர்தான் 'விழுந்த பிறகு'ன்னு சொன்னாங்க. விழுந்த பிறகு... ஜன்னல் விளிம்புல மரத்தூள்... சுவர்ல புதுச் சுண்ணாம்பு..."

முற்றத்துக்கு அப்பாலிருந்து பாட்டு மிதந்து வந்தது. முப்பது நாற்பது பிள்ளைகளின் குரல், தெளிவாக, உயரமாக. தெல்வல் பேச்சை நடுவில் நிறுத்தினார்.

"பிள்ளைங்க எங்க நின்னு பாடறாங்க?"

"கூடத்துலதான்," என்றார் கர்னல். "அதிகாரி வர்றப்போ இருட்டு மூலையிலயா நிக்கறது? பியானோவைப் பழைய இடத்துக்கே நான்தான் தள்ளச் சொன்னேன். இப்பதான், மதியம்."

மிஸ் ஹார்க்னஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகத்தில் துளி ரத்தம் இல்லை.

"ஐயோ, அங்க வேண்டாம்! அந்த உத்தரம் உள்ள முழுக்க உளுத்துப் போச்சு!"

அவர் ஓடினார். அவருக்குப் பின்னால் தெல்வல் ஓடினார். ஆறு வருடமாக அவரோடு வேலை பார்க்கும் நோரா, அவர் ஓடி அன்றுதான் பார்த்தாள். "நோரா, தீ மணி!" என்று அவர் கத்தியதும் அவள் தாழ்வாரத்துச் சங்கிலியில் தொங்கி இழுத்தாள். மணி கணகணவென்று பள்ளியையே உலுக்கியது.

கூடத்தில் பாட்டு அறுந்தது. "வரிசையா, ஓடாம, அந்தப் பக்கக் கதவு!" என்று மிஸ் ஹார்க்னஸ் கத்தினார். பழகிய பயிற்சிதானே, பிள்ளைகள் தோளைத் தொட்டுக்கொண்டு மளமளவென்று வெளியேறினார்கள். மேலே ஏதோ முனகியது. பெரிய மிருகம் தூக்கத்தில் புரள்வது மாதிரி ஓர் ஓசை. சுண்ணாம்புத் துகள்கள் பியானோமேல் உதிர்ந்தன.

அந்த நேரம் பார்த்து, வாசல்வரை போன ஒரு சிறுமி திரும்பி ஓடினாள். "என் வயலின்!"

"அடச்சீ, நில்லு!" கர்னல் டிரெஞ்ச் அந்த வயதிலும் தாவினார். சிறுமியை ஒரு கக்கத்திலும் வயலினை மறு கக்கத்திலுமாக, தபால் பொட்டலம் மாதிரி இடுக்கிக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தார். அவர் வெளியே விழவும், உள்ளே புதுச் சுண்ணாம்பு மொத்தமாகப் பெயர்ந்து பியானோமேல் இறங்கவும் சரியாக இருந்தது. உத்தரத்தின் முனை சுவரைவிட்டு நழுவி, பயங்கரச் சத்தத்தோடு ஒரு சாண் இறங்கி, ஃபேர்லாமின் இரும்புச் சாரத்தின்மேல் உட்கார்ந்தது. சாரம் வளைந்தது. ஆனால் தாங்கியது.

முற்றத்தில் பிள்ளைகளை எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். ஒரு கீறல் இல்லை. மிஸ் ஹார்க்னஸ் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு தடவை முரியல்கிட்ட சொன்னேன்," என்றார் தெல்வலிடம். "ஒரு நாள் பாட்டு நடக்கும்போதே மரத் துண்டு ஒண்ணு விழுந்துச்சு, ஒரு பொண்ணு காலடியில. முரியல் விரிசல்ல சுண்ணாம்பு பூசி மூடச் சொன்னா. பட்டியல்ல ஏறின பிறகு பார்த்துக்கலாம்னா. ஏறிட்டா ஒரு ஆணி அடிக்கவும் வருஷக்கணக்கா அனுமதிக்குக் காத்திருக்கணும், அதுவரைக்கும் பிள்ளைங்க தினமும் இதுக்குக் கீழதான். அவங்களுக்கு எதாவது ஆச்சுன்னா? கூடமே வேண்டாம்னு முடிவு பண்ணேன். சாரம் கட்டின ராத்திரியே யாருக்கும் தெரியாம உளியோட ஏறினேன். கடைசி எட்டைச் செதுக்கி முடிச்சுட்டு விடியறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்."

தெல்வல் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். "நீங்க என்கிட்ட பாதிக் கதைதான் சொன்னீங்க, மிஸ் டேக்கர்."

மிஸ் டேக்கர் மழைக்கோட்டுப் பொத்தானைத் திருகினார். "உளுத்துப் போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, அதையே சாக்கா வெச்சு மறுநாளே இடிச்சுடுவாங்கன்னு பயந்தேன். இன்னிக்கு ஒரு நாள் கடந்துட்டா போதும்னு..."

வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. குடையும் தோல் பையுமாக இறங்கிய மெலிந்த மனிதர் புல்லில் நின்ற பிள்ளைகளையும், தூசியில் வெளுத்த கர்னலையும், கூடத்திலிருந்து கிளம்பும் சுண்ணாம்புப் புகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஓகில்வி. கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேனோ?"

யாரும் தடுப்பதற்குள் அவர் கதவருகே போய் டார்ச் விளக்கை மேலே அடித்தார். சுண்ணாம்பு விழுந்த இடத்தில், இத்தனை காலம் யார் கண்ணிலும் படாத பொருத்துகள் தெரிந்தன. மரத்தை மரமே கவ்விப் பிடித்து, ஓக் முளைகள் அடித்து இறுக்கிய வேலை. அவர் விசில் அடித்தார்.

"ஓர் இரும்பு ஆணி கூட இல்லை! இது எலிசபெத் ராணி காலத்தது கூட இல்லைங்க, அதுக்கும் முந்தினது. இப்படி ஒரு பொருத்து வேலையை நான் என் வாழ்க்கையில ரெண்டு இடத்துலதான் பார்த்திருக்கேன். இதைப் பட்டியல்ல ஏத்தலேன்னா என் வேலையை ராஜினாமா பண்ணிடணும்."

"ஏத்திட்டு? அனுமதி வர்றவரைக்கும் பார்த்துக்கிட்டே நிக்கறதா?" என்றார் மிஸ் ஹார்க்னஸ்.

ஓகில்வி வியப்போடு திரும்பினார். "யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னது? ஆபத்துன்னா அந்த நிமிஷமே முட்டுக் கொடுங்க. ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டாங்க. பட்டியல்ல ஏத்தறதே கட்டடம் நிக்கறதுக்குத்தானே அம்மா, விழறதுக்கு இல்லையே. பழுது பார்க்க நானே ஆள் அனுப்பறேன். ஆனா," அவர் மறுபடி மேலே பார்த்தார், "அந்தச் சாரம் ராத்திரி வரைக்கும் தாங்காது."

மிஸ் ஹார்க்னஸும் மிஸ் டேக்கரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே கூடத்துக்காகத்தான் பயந்தார்கள். யாரிடமாவது வாய்விட்டுக் கேட்டிருந்தால் போதும்.

"என்ன வேடிக்கை பார்க்கறீங்க எல்லாரும்?" கர்னலின் குரல் இடி மாதிரி விழுந்தது. அவர் கோட்டைக் கழற்றி எறிந்தார். "ராணுவத்துல நான் பாலம் கட்டறவன். இத்தாலியில குண்டு விழும்போது ஆத்துக்கு நடுவுல முட்டுக் கொடுத்திருக்கேன். ஃபேர்லாம்! புதுக் கட்டடத்துக்குன்னு கொண்டுவந்து அடுக்கி வெச்சியே கட்டைங்க, எங்க?"

"அது... அது புதுக் கட்டடத்துக்கு, சார்!"

"தூக்குடா தம்பி! அந்தப் பட்டுத் துண்டை அவுத்து வெச்சுட்டுத் தூக்கு!"

அடுத்த ஒரு மணி நேரம் நோராவின் வாழ்க்கையிலேயே மறக்க முடியாதது. ஆசிரியர்கள், ஓகில்வி, டாக்ஸி ஓட்டுநர் உட்பட எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கட்டை சுமந்தார்கள். ஃபேர்லாம் தன் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பெருமையோடு காட்டினான். சாரத்தின் இரு பக்கமும் கட்டைகள் நிமிர்ந்தன. கடைசியில் கர்னல் தானே சுத்தியலை எடுத்து, முட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஓக் ஆப்பை வைத்து அடித்தார். ஓர் அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் அந்தப் பிரம்மாண்டமான உத்தரம் மயிரிழை உயர்ந்தது. சாரத்தின் முனகல் நின்றது. கீழே எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நோரா தன் தொப்பியையே மேலே வீசினாள். அது கூரையில் எங்கோ மாட்டிக்கொண்டு திரும்பவில்லை.

ஆரவாரம் அடங்கியபோது மிஸ் ஹார்க்னஸ் கர்னல் முன்னால் வந்து நின்றார்.

"நிர்வாகக் குழுத் தலைவர்கிட்ட ராஜினாமா சொல்லணும்னு நினைக்கறேன்."

"இவ போனா நானும் போகணும்," என்றார் மிஸ் டேக்கர். "மூடி மறைச்சது நான்."

கர்னல் இருவரையும் பார்த்தார். மீசையில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. பிறகு நசுங்கிக் கிடந்த பியானோவைப் பார்த்தார்.

"அந்தப் பியானோவை அங்க தள்ளினது நான்," என்றார் கடைசியில், கரகரத்த குரலில். "பாட்டு இன்னும் அஞ்சு நிமிஷம் நீண்டிருந்தா... அதைப் பத்திப் பேச வேண்டாம். யாரும் எங்கயும் போகலை. அந்த முட்டுக்கட்டையைத் தினமும் ஒருத்தர் சரிபார்க்கணும். காலையில நான் வர்றேன். மத்தியானம் நீங்க ரெண்டு பேரும்."

பிறகு மிஸ் ஹார்க்னஸ் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொல்வதாக நினைத்துக்கொண்டு, முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அடுத்த தடவை உளியைத் தூக்கணும்னு தோணிச்சுன்னா, முதல்ல என் வீட்டுக் கதவைத் தட்டுங்க. திட்டுவேன். ஆனா வந்து பார்ப்பேன்."

மிஸ் ஹார்க்னஸ் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளக் கூட இல்லை; குனிந்து தரையில் சிதறிக் கிடந்த சுண்ணாம்பைப் பெருக்க ஆரம்பித்தார்.